முகம் பார்த்துக் கேட்டவர்

அவர் யாரிடமும் "என்ன?" என்று திருப்பிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் அவருடைய லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருந்த லயத்தில் பிறந்து, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்வரை அங்கேயே வளர்ந்தவள் நான். ஒருநாளும் இல்லை. சொல்வதை முதல் தடவையிலேயே முழுசாக வாங்கிக்கொள்கிற மனுசன் என்று சின்ன வயதில் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. வீட்டில் அப்பாவிடம் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒரு தடவை போதும், தலையை ஆட்டிவிடுவார்.

பெயரை எழுதப் போவதில்லை. நான் மாமா என்று கூப்பிட்டேன், இங்கேயும் மாமாதான். சொந்தம் ஒன்றும் கிடையாது. லயத்தில் அப்பா வயது ஆண்கள் எல்லாரும் எங்களுக்கு மாமாவோ சித்தப்பாவோதான்.

றக்வானையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அந்த பஸ்ஸும் இதற்கு மேல் ஏலாது என்று நின்றுவிடுகிற இடத்திலிருந்து நடந்தால் எங்கள் தோட்டம். மேல் லயம், கீழ் லயம், நடுவில் இருபத்தேழு படி. மேல் லயத்தின் முதல் அறை, அந்த முதல் காம்பரா, அவருடையது. மனைவி செத்து, மகன் கொழும்புக்குப் போன பிறகு தனி ஆள். முப்பத்தைந்து வருசம் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் மிசின்களுக்கு நடுவில் நின்றவர். அந்த அறைக்குள் நான் ஒருதடவை அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் பல் கூசியது. அங்கே யாரும் பேசுவதில்லை. வாயை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், அதிலேயே ஊர்க்கதை எல்லாம் நடக்கும்.

அதில் மாமா கெட்டிக்காரர். ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, தூரத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு பேர் பேசுவதை அப்படியே சொல்வார். ஒருநாள் கணக்கப்பிள்ளை, மேனேஜர் தொரையின் காதில் கிசுகிசுத்ததை அன்றைக்குச் சாயந்தரமே லயத்தில் வந்து சொல்லிவிட்டார். மேல் மலையில் கொழுந்து பறிக்காமல் காடாக விடப் போகிறார்கள் என்ற செய்தி. கணக்கப்பிள்ளை சிங்களத்தில்தான் பேசினாராம். இரண்டு மாதம் கழித்து அப்படியே நடந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பாம்புக்காது என்று பெயர் விழுந்துவிட்டது. "அந்தாளு முன்னால ஒண்ணும் பேசிராதீங்க, பாம்புக்காது" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

மெதுவாகப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்க நாம் கிட்டத்தில் போய் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். கோயில் கூட்டமோ கல்யாண வீடோ, சுவரில் முதுகு படுகிற மாதிரி ஓர் இடம் பார்த்து உட்காருவார். வெளிச்சம் எதிரில் இருப்பவர்கள்மேல் விழ வேண்டும். யாராவது அவரை ஒரு கேள்வியோடு பார்த்தால் சிரித்துத் தலையை ஆட்டுவார். பெரும்பாலான கேள்விகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அன்றைக்கு இவை அவருடைய பதவிசு, அவ்வளவுதான்.

ஒரு தடவையாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நிவித்திகலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டில் இருந்தேன். கண்டக்டர் முன்னால் நின்று, வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஏதோ கேட்டார். மாமா சிரித்துத் தலையாட்டினார். அடுத்த வளைவிலேயே பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கிவிட்டார்கள். எங்கள் இடத்துக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது, மழை வேறு. நான் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை, குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடக்கலாம்னு எறங்குனேன்" என்றார். நாங்கள் நம்பினோம்.

அவர் சொன்னபடி மேல் மலை காடானது. மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்தது. அரநாயக்கப் பக்கம் மண்சரிந்து ஒரு மலையே ஊர்மேல் இறங்கிய பிறகு எங்கள் ஆட்களும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். விறகுக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தது: புல்லுக்குள் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, மேல் லயத்தின் நீளத்துக்கு. அதிகாரிகள் வந்தார்கள், டேப் பிடித்தார்கள். மேல் லயத்தை விட்டு எழும்ப வேண்டும் என்றார்கள். எங்கே போவது என்று கேட்டதற்கு வீடு வரும் என்றார்கள். அது வரும்வரைக்கும் என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள்.

வெளியே ஒரு கம்பத்தில் மழையை வாங்குகிற குழாய். அதிலிருந்து வயர் வந்து, மேல் லயத்து முதல் காம்பராவின் இஸ்தோப்பில், அந்த முன்திண்ணைச் சுவரில், மாட்டிய வெள்ளைப் பெட்டியில் சேரும். அளவுக்கு மேல் மழை விழுந்தால் பெட்டி வீல் வீலென்று கத்தும், நெற்றியில் சிவப்பு லைட் மின்னும். பேட்டரி இறங்கினாலும் அதே சத்தம்தான் போடும், ஆனால் லைட் வராது. அதனால் அதிகாரிகள் ஒரு சட்டம் போட்டார்கள். பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர். அவர் பார்த்து, மழைச் சத்தம்தான் என்றால் மாரியம்மன் கோயில் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டால் இரண்டு லயமும் எதையும் எடுக்காமல் கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். பெட்டிச் சத்தத்துக்கு யாரும் ஓடக்கூடாது, மணிக்குத்தான்.

யார் பொறுப்பாளர் என்று கேட்டபோது எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது. குடிக்காதவர், பகலெல்லாம் வீட்டில் இருப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்புக்காது. மாமா சிரித்துத் தலையாட்டினார். அறுபது தாண்டியவர் என்பதால் கண்ணும் காதும் சரி என்று ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினார்.

நான் அப்போது டவுன் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற அறையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. சோதிக்கிற மிஸ் சிங்களம். அவருக்குத் தமிழில் மூன்று சொல்தான் தெரியும்: கேக்குதா, கை, சரி. தோட்டத்து ஆட்கள் வந்தால் நான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அறைக்குள் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மாதிரி ஒட்டிய, வெளிச் சத்தம் நுழையாத கூண்டு. நோயாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே இருப்பார். மிஸ் வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிசினில் சத்தம் அனுப்புவார், ஒன்று கனமாக, ஒன்று கூர்மையாக, ஒன்று பெரிதாக, ஒன்று சன்னமாக. கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எந்தச் சத்தத்துக்கு விரல் எழும்புகிறதோ அதைத் தாளில் புள்ளி போடுவார். வயசான தோட்டத்து ஆட்கள் அந்தக் கூண்டுக்குள் தனியாக இருக்கப் பயப்படுவார்கள் என்று, நான் உள்ளேயே எதிரில் ஒரு ஸ்டூலில் இருப்பேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. நானாக ஆரம்பித்த வழக்கம், எனக்கு அதில் பெருமை.

மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் எனக்கு அவித்த பலாக்கொட்டை ஒரு பை.

"சத்தம் கேட்டா விரலத் தூக்கணும் மாமா. ரொம்ப மெல்லிசாக் கேட்டாலும் தூக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு. நீ எங்கயும் போயிறாத புள்ள. இங்கனயே, எனக்கு நேரா இரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரே மதிக்கிற மனுசன், என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார். ஹெட்போனை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்கூட இமைக்கவில்லை. பயப்படுகிறார் என்று நினைத்து நானும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். விரல் எழும்பியது. மறுபடி எழும்பியது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருந்தது.

வெளியே ஆள் நிறைந்திருந்த கிளினிக் நாள். மிஸ் தாளைப் பார்த்து, முப்பத்தைந்து வருசம் மிசினுக்குள் நின்றவருக்கு இது ஆச்சரியம் என்று சிங்களத்தில் சொன்னார். கொஞ்சம் குறைவு இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டிச் சத்தம் தாராளமாகக் கேட்கும் என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். மாமாவும் தலையசைத்தார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு வயசான அம்மாவைச் சோதித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மிஸ் கூண்டுக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு அதற்குள் இரண்டு தடவை சோதனை நடந்திருந்தது, நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது ஒன்று, திரும்பி வந்து உள்ளே இருந்தபோது ஒன்று. இரண்டு தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

"பெரிய சத்தம் அனுப்பினால் ஹெட்போனிலிருந்து வெளியே கசியும்," என்றார் மிஸ். "அந்தக் கூண்டுக்குள் அது உனக்குக் கேட்கிறது. கேட்கும்போது உன் புருவம் எழும்புகிறது. நான் கண்ணாடி வழியாக இப்போதுதான் பார்த்தேன். இவர்கள் காதால் கேட்கவில்லை. உன்னைப் பார்த்து விரலைத் தூக்குகிறார்கள்."

என் ஸ்டூலை எடுத்து நோயாளியின் முதுகுக்குப் பின்னால் போட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ஸ்டூலில் நான் இருந்து பாஸ் பண்ணிவிட்டவர்களின் முகமெல்லாம் வரவில்லை. ஒரே ஒரு முகம்தான் வந்தது. மிஸ்ஸிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, மாமாவாக இருக்காது, அவர் பாம்புக்காதல்லவா என்ற நினைப்பு பாதி. நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா இஸ்தோப்பில் முற்றத்தைப் பார்த்தபடி, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். லயத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, அவருக்குப் பின்னால் நின்று, "மாமா" என்றேன். மூன்று தடவை கூப்பிட்டேன். கொட்டையை உரித்துச் சட்டியில் போட்டார், அடுத்ததை எடுத்தார்.

பெட்டியின் பக்கத்தில் சோதித்துப் பார்க்கிற ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினேன். காதைக் கிழிக்கிற சத்தம். முற்றத்தில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. லயத்தின் அந்தக் கடைசிக் காம்பராவிலிருந்து செல்வி அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள், மூத்தவள் பின்னால்.

"என்னாடி, மழையே இல்லையே? ஓடணுமா?"

"இல்லக்கா, சும்மா செக் பண்றேன். நீங்க போங்க."

கோழிகள் ஓடியதைப் பார்த்துத்தான் மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார், பெட்டியில் இருந்த என் விரலைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். சட்டியைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து மாமா?" என்றேன், வாயை நன்றாகத் திறந்து.

"இடி கேக்கும் புள்ள," என்றார். "பஸ்ஸு கேக்கும். ஆம்பளைங்க கிட்டத்துல பேசுனா கொஞ்சம் கேக்கும். குருவிச் சத்தம் கேட்டு இருவது வருசம் ஆச்சு."

"அப்ப இந்தப் பெட்டி?"

"செவப்பு லைட்டு இருக்குல்ல. கண்ணு எனக்கு ஒரு கொறையும் இல்ல. மழை வந்தா பெட்டியப் பாத்துக்கிட்டேதான் குந்தியிருக்கேன். படுக்கும்போது வயரோட கழட்டித் தலமாட்டுல வச்சுக்கிறேன், வெளிச்சம் மூஞ்சில அடிச்சா முழிச்சிருவேன்."

"நான் சொல்லிர்றேன் மாமா. வேற யாரயாச்சும் போடட்டும்."

"யாரப் போடுவாங்க? நீயே சொல்லு. பொம்பளைங்க எல்லாம் கொழுந்துக்குப் போயிருவாங்க. குடிக்காத ஆம்பள ஒருத்தனக் காட்டு." பிறகு குரல் இன்னும் கீழே போனது. "செவிடன்னு சொல்லிராத புள்ள. முப்பத்தஞ்சு வருசம் அதுக்குள்ள நின்னேன். ஒரு பய என்னய அப்பிடிச் சொன்னதில்ல."

அதற்கு மேல் அவர் கெஞ்சவில்லை. எழும்பி முற்றத்துக்குப் போய்ப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, பட்டனை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். லைட் மின்னிய அந்த நொடியே விரலைத் தூக்கினார், கூண்டுக்குள் தூக்கிய அதே மாதிரி. விட்டுவிட்டு, எதிர்பாராமல், பத்துத் தடவை அமுக்கியிருப்பேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. "பாத்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காது இருக்கிறவர்களே இவ்வளவு கவனமாக இருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த மனுசனை அவமானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. என் பிழையும் அதோடு மூடிக்கொள்ளும் என்ற கணக்கும் அதில் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

படியிறங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. செருப்பு வழுக்கியதால் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அந்த லைட்ட மட்டும் யாரும் மறைக்காமப் பாத்துக்கங்க மாமா. துணி கிணி போட்டுறாதீங்க." சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். படிக்கு மேலே நின்று சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் கையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

ஐப்பசி மழை அந்த வருசம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஆயுத பூசைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா போனில் படம் அனுப்பினாள். எங்கள் தோட்டத்தில் அந்த நாளில் பொட்டு இல்லாத சாமான் இருக்காது. தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, ஸ்டோரில் ரோலர் மிசின், லொறி, ஆட்டோ, எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். வைத்த பொட்டை யாரும் கழுவ மாட்டார்கள், அது தானாகக் காய்ந்து உதிரும்வரை இருக்கும். படத்தில் மாமாவின் இஸ்தோப்பு. வெள்ளைப் பெட்டிக்குச் செவ்வந்தி மாலை, கீழே வாழையிலையில் பொரி, கடலை. பக்கத்தில் செல்வி அக்கா, சந்தனக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள்தான் பெட்டிக்குப் பூசை வைத்தாளாம். "எம்புள்ளைங்களக் காப்பாத்துற சாமி இது" என்றாளாம். பெட்டியின் நெற்றியில் எட்டணா அகலத்துக்குத் தடித்த சந்தனப் பொட்டு.

நான் அந்தப் படத்துக்கு இரண்டு இதயம் போட்டு அனுப்பினேன். "அழகா இருக்கு" என்றும் எழுதினேன். அந்தப் படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. பெட்டிக்கு நெற்றி எது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு அவரே சொன்னார். செல்வி அக்கா லைட்டின் மேலே பொட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். துடைத்தால் சாமிக்கு வைத்ததை அழித்தது ஆகும். ஓரத்தில் வெளிச்சம் தெரியும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். அவரும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார், நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பூசை முடிந்து ஆறாம் நாள். நான்கு நாளாக விடாத மழை, பள்ளிக்கூடம் இல்லை, கொழுந்துக்கும் யாரும் போகவில்லை. காலை பத்து மணி இருக்கும். அம்மா எனக்குச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அவள் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"பெட்டி கத்துச்சு. கீழ கேட்டுச்சுன்னா பாத்துக்க. எல்லாரும் வெளிய வந்தோம். முந்தின வாரம் பேட்டரிக்கு ரெண்டு தடவ கத்துச்சு, அதனால ஒண்ணும் புரியல. மேல செல்வி ரெண்டு புள்ளையையும் கூட்டிக்கிட்டு இஸ்தோப்புல வந்து நின்னா. சின்னதுக்குத் தொப்பி எல்லாம் போட்டு ரெடியா நின்னா. எல்லாரும் அவரு மூஞ்சியப் பாத்தோம். அவரு பெட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் எங்களத் திரும்பிப் பாத்தாரு. சிரிச்சாரு. தலையாட்டுனாரு. பெட்டி கத்திக்கிட்டே இருக்கு, அவரு சிரிக்கிறாரு. பாம்புக்காது மனுசன், அவருக்குத் தெரியாததா? பேட்டரியாத்தான் இருக்கும்னு செல்வி உள்ள போயிட்டா. நாங்களும் போயிட்டோம்."

மழையைப் பார்க்க எல்லாரும் வெளியே வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தாராம். எல்லாரும் தன்னைப் பார்த்தார்கள், அதனால் சிரித்தாராம்.

அரை மணி நேரம் கழித்து மலை இறங்கியது. அது மட்டும் அவருக்குக் கேட்டது. இடி மாதிரி, அடியிலிருந்து. எழும்பிக் கோயிலுக்கு ஓடி மணியை அடித்தார். அவர் அடிக்கத் தொடங்கும்போது மேல் லயத்தின் கடைசி மூன்று காம்பராவும் இல்லை. இரண்டில் ஆள் இல்லை. செல்வி அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள். அவளுடைய புருசன் கொழும்பு வேலையிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்து அடக்கம் செய்தார்கள். அவரை நிறுத்த ஆள் போகிறவரை மாமா மணியை அடித்துக்கொண்டே இருந்தாராம்.

விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பெட்டி சரியாக வேலை செய்திருந்தது. காது சரி என்று ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. அப்படியானால் ஏன் மணி அடிக்கவில்லை? தூங்கினாயா, குடித்திருந்தாயா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம். என் பெயரை அவர் சொல்லவில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், இந்த ஆளை மறுபடி ஒருதடவை சோதித்துப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினார்.

அவர் வருகிற நாள் காலையில் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டூலை, புருவத்தை, பட்டனை அமுக்கியதை, படத்துக்கு இதயம் போட்டதை. மிஸ் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். இருவருமாக மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். சரி என்றேன்.

மாமா அதே சட்டையில் வந்தார். பை ஒன்றும் கொண்டு வரவில்லை. கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, எதிரில் நின்று, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் ஸ்டூலுக்கு, அவருடைய முதுகுப் பக்கம், போகத் திரும்பினேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இங்கனயே இரு புள்ள. எனக்கு நேரா."

பிறகு கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து மிஸ் பார்த்துத் தலையசைத்தார். நான் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முதலில் கனத்த சத்தங்கள். அவற்றில் பெரியவை இரண்டு மூன்றுக்கு விரல் எழும்பியது. பிறகு கூர்மையானவை தொடங்கின. ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கே கேட்டது, வீல் வீலென்று, பெட்டியின் அதே சத்தம். மிஸ் கூட்டினார். இன்னும் கூட்டினார். என் புருவம் எழும்பியிருக்கும், கண்ணில் தண்ணீர் ஓடியிருக்கும், பார்க்க ஆள் இல்லை. முழங்கால்மேல் இருந்த அந்த விரல் அசையவில்லை. மிசினில் அதற்கு மேல் கூட்ட இடம் இல்லாத அளவுக்குக் கூட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாமா கண்ணைத் திறக்காமல், அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"மிஸ்ஸு நிப்பாட்டிட்டாங்களா, புள்ள?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.